பாவக்காயும் பிட்டரு, பங்காளியும் பிட்டருங்களா?

போன மாசம் ஒரு தம்பி பிட்டர்ங்கற இங்கிலீஷ் வார்த்தைக்கு அர்த்தம் கேட்டதுக்கு "பிட்டர்னா கசப்புங்க"ன்னு ஒத்தை வரியில பதில் போட்டு முடிச்சுட்டேன். அது பத்தலைங்கறது இந்த மாசம் வந்த கடுதாசிகளைப் பார்த்தப்பதான் தெரிஞ்சுது, ஆளாளுக்கு ஒரு எடத்துல அந்த வார்த்தை மாட்டியிருக்குது, ஸ்கூல் புஸ்தகத்துல, கம்பெனி மீட்டிங்ல, பேரன் போன்ல பேசறப்ப, கல்யாண வீட்டுல. அதனால இந்தத் தடவை முழுப் பக்கமும் பிட்டருக்கே விட்டுட்டேன். வேற கேள்வி அனுப்புனவங்க ஒரு மாசம் பொறுத்துக்கோங்க.

கே: பத்தாவது படிக்கற எம் பொண்ணு புஸ்தகத்துல "பிட்டர் கோல்ட்"னு போட்டிருக்குதுங்க. டிக்‌ஷனரி பார்த்தா கசப்புன்னு இருக்குது. குளுரு எப்புடிம்மா கசக்கும்னு கேக்கறா, எனக்கு சொல்லத் தெரியல. (காங்கேயத்துல இருந்து ஒரு அம்மா)

ப: பாப்பா நல்லா கேட்டிருக்குதுங்க, முதல்ல அதை அவகிட்ட சொல்லிப்போடுங்க. பிட்டர்ங்கற வார்த்தை பொறந்தது நாக்குல இல்லீங்க, பல்லுல. கடிக்கறதுக்கு இங்கிலீஷ்ல பைட்னு சொல்றமல்ல, அந்த பைட்டும் இந்த பிட்டரும் ஒரே வேருல இருந்து வந்ததுங்க, ஆயிரம் வருசத்துக்கு முந்தின பழைய இங்கிலீஷ்லயே இது இருக்குது. ஆக மொதல்ல பிட்டர்னா கடிக்கறது, சுரீர்னு உள்ள எறங்கறது. நாக்கைக் கடிச்சா கசப்பு, தோலைக் கடிச்சா குளிரு, மனசைக் கடிச்சா துக்கம். இந்த ஒண்ணைப் புடிச்சுக்கிட்டா மீதி எல்லாம் தானா வந்துரும்.

மார்கழி, தையில விடியக்காலம் ஊட்டியில பஸ்ஸை விட்டு எறங்கியிருப்பீங்க. தலைகுந்தா பக்கம் புல்லு மேல உப்பைத் தூவுன மாதிரி உறைபனி கெடக்கும், காது மடலும் மூக்கு நுனியும் யாரோ கடிக்கற மாதிரி இருக்கும், டீ டம்ளரை ரெண்டு கையிலயும் புடிச்சுக்கிட்டு நிப்போம். அதுதான் பிட்டர் கோல்ட். காத்தும் சேர்ந்து அடிச்சா பிட்டர் விண்ட். பிட்டர்லி கோல்ட்னும் எழுதலாம், ரெண்டும் சரி. தமிழ்ல எழுதறப்ப "கசப்பான குளிர்"னு எழுத வேண்டாம், கடுங்குளிர்னு அழகா ஒரு வார்த்தை நம்மகிட்ட இருக்குதே.

ஒண்ணு மட்டும் பாப்பாவுக்கு சொல்லுங்க, வெயிலுக்கு இது ஆகாது. அக்னி நட்சத்திரத்துல காங்கேயம் ரோட்டுல தார் உருகுனாலும் பிட்டர் ஹீட்னு எழுதக் கூடாது.

கே: நான் திருப்பூர்ல ஒரு கம்பெனில வேலை பார்க்கறேன். எனக்கு வரவேண்டிய புரமோஷனை எனக்கு அப்பறம் சேர்ந்தவருக்குக் குடுத்துட்டாங்க. நான் சண்டை போடல, எம் பாட்டுக்கு வேலையப் பார்க்கறேன். மீட்டிங்ல ஏதோ சொன்னப்ப வெளியூர்ல இருந்து வந்த மேனேஜர் "யூ சவுண்ட் பிட்டர்"னாரு. திட்டுனாரா, ஆறுதல் சொன்னாரான்னே தெரியல மேடம். (திருப்பூர் வாசகர்)

ப: தம்பி, உங்க கடுதாசியைத்தான் நான் நாலு தடவை படிச்சேன்.

நம்ம தமிழ்ல கசப்பு எங்க இருக்குதுன்னு மொதல்ல பாருங்க. பொருள்ல இருக்கும், "பாவக்கா கசக்குது". ரெண்டு பேருக்கு நடுவால இருக்கும், "எனக்கும் அவுங்களுக்கும் மனக்கசப்பு". அனுபவிக்கறதுல இருக்கும், "வாழ்க்கையே கசந்து போச்சு". ஆனா ஆளைக் காட்டி "அவரு கசப்பா இருக்காரு"ன்னு நாம யாரும் பேசறதில்லீங்க. இங்கிலீஷ்ல அது ஆளுக்குள்ளயே குடியிருக்கும். ஹீ இஸ் பிட்டர், ஷீ இஸ் பிட்டர்னு சாதாரணமா சொல்வாங்க. அந்த எடத்துல கசப்புன்னு போட்டுப் பார்த்தா உங்களுக்குக் குழம்பத்தான் செய்யும்.

கோபம்னா ஆங்க்ரி, அது பால் மாதிரி பொங்கும், அடங்கிரும். வருத்தம்னா சேட், அதுல யார் மேலயும் குத்தம் இருக்காது. பிட்டர்ங்கறது இது ரெண்டும் இல்லீங்க. எனக்கு அநியாயம் பண்ணிட்டாங்க, அதை இனி மாத்த முடியாது, ஆனா என்னால மறக்கவும் முடியலைன்னு மூணும் சேர்ந்து உள்ளயே தங்கிப்போறதுதான்.

நம்ம ஊர்ப்பக்கம் இந்த மாதிரி ஆளை எல்லாரும் பார்த்திருப்போம். அண்ணந்தம்பி பாகம் பிரிச்சப்ப கெணத்துத் தண்ணிக்கு முறை வெச்சதுல ஒரு தகராறு, அதோட ரெண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. இருபது வருசம் ஆச்சு, கெணறே வத்திப் போச்சு, போர் போட்டு ரெண்டு பேருக்கும் தனித்தனியா தண்ணி ஓடுது. ஆனா பெரியவரு நோம்பிக்கு வந்தாலும் சரி, எழவுக்கு வந்தாலும் சரி, மழையப் பத்தி பேச்சு ஆரம்பிச்சாலும் சரி, சுத்திச் சுத்தி அந்தக் கெணத்து மேட்டுல போய் நிப்பாரு. "அன்னைக்கு அவன் மோட்டார் சுவிச்சை ஆஃப் பண்ணுனான் பாரு"ன்னு சொல்றப்ப அவரு மொகத்தைப் பார்த்தா நேத்து நடந்த மாதிரியே இருக்கும். இங்கிலீஷ்காரன் அவரைப் பார்த்தா ஒரே வார்த்தைல சொல்லிருவான், பிட்டர்னு. தமிழ்ல நமக்கு இவ்வளவு சொல்ல வேண்டியிருக்குது.

இப்ப உங்க மேனேஜர் சொன்னதுக்கு வர்றேன். யூ சவுண்ட் பிட்டர்னா "உங்க பேச்சுல அந்த மனத்தாங்கல் தெரியுது"ன்னு அர்த்தம். திட்டும் இல்ல, ஆறுதலும் இல்ல. ஆனா ஒரு விஷயத்தை நான் அழுத்தியே சொல்லுவேன், இந்த வார்த்தையை ஒருத்தர் மேல ஒட்டிட்டா அவரு சொல்ற ஞாயம் காதுல விழாமப் போயிரும். "அவரு பிட்டரா இருக்காருப்பா, விடு"ன்னு பேச்சை முடிச்சுருவாங்க. அநியாயம் நடந்தது நெசம்னா அது பிட்டர்ங்கற வார்த்தைக்குள்ள பொதைஞ்சு போகக் கூடாது. அதனால அடுத்த தடவை சொன்னா நிதானமா, "ஐ ஆம் நாட் பிட்டர், ஐ ஆம் டிஸ்அப்பாயின்டட். ஐ வுட் லைக் டு நோ தி ரீசன்"னு சொல்லுங்க. கசந்து போயிடல, ஏமாத்தமா இருக்குது, காரணம் தெரிஞ்சா பரவால்லைன்னு. காரணம் கேக்கற உரிமை உங்களுக்கு இருக்குது.

இதை நான் புஸ்தகத்துல படிச்சு சொல்லலீங்க. நானும் திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில மெர்ச்சண்டைசரா இருந்தவதான். ஒரு தடவை நேவி ப்ளூ துணி, சாயம் போடற டையிங்ல இருந்து வந்தப்ப லேப் டிப்பைவிட, அதாவது முன்னாடியே ஓகே வாங்குன கலர் மாதிரித் துண்டைவிட, ஒரு சொட்டு கருப்பு தூக்கலா இருந்துச்சு, ஆர்டர் குடுத்த பையர் மொத்தத்தையும் ரிஜெக்ட் பண்ணிட்டாங்க. ராத்திரி ஒம்பது மணிக்கு உக்காந்து மெயில் எழுதுனேன், "திஸ் வாஸ் எ பிட்டர் எக்ஸ்பீரியன்ஸ் வித் யூ"ன்னு. எம் மனசுல இருந்தது, எங்களுக்கு கஷ்டமாப் போச்சுங்க, அடுத்த ஆர்டர்ல கவனமா இருக்கறோம், அவ்வளவுதான். நம்ம பேப்பர்ல தெனமும் "கசப்பான அனுபவம்"னு போடறாங்களே, அதை அப்படியே திருப்பிப் போட்டுட்டேன். மறுநாள் அந்த பையர் கம்பெனி லேடி போன் பண்ணி, "இவ்வளவு நாள் பழகியும் நாங்க உங்களை ஏமாத்திட்டதா நெனைக்கறீங்களா?"ன்னு கேட்டாங்க, கொரல் ஒடஞ்சு போயிருந்துச்சு. வித் யூ சேர்ந்ததும் அது அவுங்க மேல குத்தமா போயிருச்சு. அன்னைக்கு நான் எழுதியிருக்க வேண்டியது "வி ஆர் டிஸ்அப்பாயின்டட், பட் வி அண்டர்ஸ்டேண்ட்". மன்னிப்பு கேட்டு சரி பண்ணுனோம், ஆனா அந்தப் போனை எடுத்தப்ப கை நடுங்குனது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்குது.

இலக்கணத்துக்கு ஒண்ணே ஒண்ணு: விஷயத்து மேல கசப்புன்னா பிட்டர் அபௌட், ஆள் மேலன்னா பிட்டர் டுவர்ட்ஸ்.

கே: தோட்டத்துல பந்தல் போட்டு பாவக்காய் வெச்சிருக்கறேன். அதை நாம பிட்டர் கோர்ட்னு சொல்றோம், அமெரிக்காவுல இருக்கற பேரன் பிட்டர் மெலன்ங்கறான். எது சரிங்க? ஊருக்கு வந்தா ஒரு துண்டு வாயில வெக்க மாட்டேங்கறான், அதுக்கும் ஒரு வழி சொல்லுங்க. (கோபி பக்கத்துல இருந்து ஒரு விவசாயி)

ப: ஐயா, ரெண்டும் ஒரே காய்தானுங்க. இந்தியாவுல பிட்டர் கோர்ட், அமெரிக்காவுல பிட்டர் மெலன். பேரன் சொல்றதும் சரி, நீங்க சொல்றதும் சரி.

திங்க மாட்டேங்கறதுக்கு அவனைக் கோவிச்சுக்காதீங்க. மனுசன் நாக்குல இனிப்பைக் கண்டுபுடிக்க ஒரே வகை ஏற்பிதான் (ருசியை உணர்ற ரிசெப்டர்), ஆனா கசப்பைக் கண்டுபுடிக்க சுமார் 25 வகை இருக்குதுங்க. செடிகள்ல இருக்கற விஷம் நெறையா கசக்கும்ங்கறதால ஒடம்பு வெச்சுக்கிட்ட காவல் அது, கொழந்தைகளுக்கு அந்தக் காவல் இன்னும் கெடுபிடியா இருக்கும். அதுலயும் ஆளுக்கு ஆள் வித்தியாசம் உண்டு. 1931ல அமெரிக்காவுல ஆர்தர் ஃபாக்ஸ்னு ஒரு விஞ்ஞானி லேப்ல ஒரு பொடியை ஊத்தறப்ப அது காத்துல பறந்துருச்சு, பக்கத்துல இருந்தவரு வாயெல்லாம் கசக்குதுங்கறாரு, ஃபாக்ஸுக்கு ஒண்ணுமே தெரியல. ஒரே பொருள் ஒருத்தருக்கு கசப்பு, இன்னொருத்தருக்கு சப்புன்னு இருக்குது, அது பரம்பரையா வர்றதுன்னு அதுல இருந்துதான் ஆராய்ச்சி கெளம்புச்சு. உங்க பேரன் நாக்கும் உங்க நாக்கும் வேற வேறங்க. நம்ம வீட்டுல செய்யற மாதிரி வில்லையா நறுக்கி உப்புப் போட்டுப் பெசறி, கொஞ்ச நேரம் கழிச்சு பிழிஞ்சுட்டு, புளித்தண்ணி விட்டு வேக வெச்சு எறக்கறப்ப ஒரு கை கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை போட்டுப் பாருங்க, அப்பவும் வேண்டாம்னா விட்டுருங்க.

நீங்க கேக்கலைன்னாலும் இதைச் சொல்லாம விட முடியல. பாவக்காய் கசக்கறது அதோட கொணம், ஆனா சுரைக்காய் கசந்தா அது ஆபத்துங்க. சொரக்காய், வெள்ளரி, பீர்க்கங்காய் இதுல எல்லாம் குக்கர்பிட்டசின்னு ஒரு கசப்புச் சத்து இருக்குது, எப்பவாவது ஒரு காய்ல அளவுக்கு மீறி ஏறிரும். வேக வெச்சாலும் போகாது. சர்க்கரைக்கு நல்லதுன்னு காலைல சொரக்காய் ஜூஸ் குடிக்கறவங்க இப்ப ஊருக்கு நாலு பேர் இருக்கறாங்க, கசக்கற ஜூஸை மருந்துதானேன்னு கண்ணை மூடிட்டு குடிச்சு வாந்தி, வயித்தால, ரத்த அழுத்தம் கொறஞ்சு ஆஸ்பத்திரிக்குப் போனவங்க உண்டு, நம்ம நாட்டுல உசுரே போயிருக்குது. நறுக்குனதும் நுனியில ஒரு சின்னத் துண்டை நாக்குல வெச்சுப் பாருங்க, கசந்தா துப்பிட்டு முழுக் காயையும் தூக்கி எறிஞ்சுருங்க.

ஒரு பொருள் ரொம்பக் கசக்குதுங்கறதை இங்கிலீஷ்ல எப்புடி சொல்றதுன்னா, "பிட்டர் ஆஸ் கால்". கால்னா பித்தம். நாட்டுக்கோழி அறுத்து சுத்தம் பண்றப்ப ஈரலோட ஒட்டிக்கிட்டு பச்சையா ஒரு பை இருக்குமே, கத்தி நுனி பட்டு அது ஒடஞ்சுதுன்னா அந்தத் தண்ணி பட்ட கறியெல்லாம் கசந்து போயிரும்னு எங்க அம்மாயி மூச்சைப் புடிச்சுக்கிட்டு அதை எடுப்பாங்க. நாம வேம்பா கசக்குதுங்கறோம், அவங்க பித்தமா கசக்குதுங்கறாங்க.

கே: டூ தி பிட்டர் எண்ட்னா என்னங்க? எலெக்‌ஷன் செய்திகள்ல வருது. (ஈரோடு)

ப: முடிவு எவ்வளவு மோசமா இருந்தாலும் நடுவுல விடாம கடைசி வரைக்கும் போறதுங்க. ஃபைட் டூ தி பிட்டர் எண்ட்னா கடைசி மட்டும் விட்டுக்குடுக்காத சண்டை.

இதுக்கு ரெண்டு வழி சொல்றாங்க. ஒண்ணு சாதாரணமா, முடிவு கசப்பா இருக்கறதால. இன்னொண்ணு கப்பல்ல இருந்து வந்தது, எனக்கு அது ரொம்பப் புடிக்கும். கப்பல் மேல்தளத்துல நங்கூரக் கயிறைச் சுத்திக் கட்ட பிட்ஸ்னு குட்டைத் தூண் இருக்கும். கயித்தோட ஒரு முனை கடலுக்குள்ள போயிரும், கப்பலுக்குள்ளயே நின்னுக்கற மறு முனைக்கு பிட்டர்ஸ் எண்டுன்னு பேரு, 1627லயே கேப்டன் ஜான் ஸ்மித் இதை எழுதி வெச்சிருக்காரு. அந்த முனை வரைக்கும் கயிறு போயிருச்சுன்னா இனி விடறதுக்குக் கயிறு இல்லைன்னு அர்த்தம். கெணத்துல சேந்தறப்ப கயிறு மொத்தமும் எறங்கி கடைசி முடிச்சு கைக்கு வந்துரும் பாருங்க, அந்த மாதிரி.

கே: பெட்டர், பட்டர், பிட்டர் மூணும் எங்க வீட்டுக்காரரு வாயில ஒண்ணாத்தான் வருது! (பல்லடம்)

ப: மூணும் சேர்த்து வேகமா சொல்ற நாக்குப் பயிற்சியே இங்கிலீஷ்ல உண்டுங்க, "பெட்டி பாட்டர் பாட் சம் பட்டர்"னு ஆரம்பிக்கும், தேடிப் புடிச்சு வீட்டுல எல்லாரும் சொல்லிப் பாருங்க. எழுதறப்ப ஒரு எச்சரிக்கை, பிட்டர்ல ரெண்டு டி வரும். ஒரு டி விட்டுப்போச்சுன்னா அது பைட்டர், கடிக்கறவன்.

கே: வால்பாறை மேல சிங்கோனான்னு ஒரு ஊர் இருக்குதுல்ல, அதுக்கும் கசப்புக்கும் சம்பந்தம் இருக்குதுங்கறாங்க, உண்மையா? (பொள்ளாச்சி)

ப: உண்மைதானுங்க. சிங்கோனாங்கறது மரத்தோட பேரு, தென் அமெரிக்காவுல இருந்து வந்தது. அதோட பட்டையில இருந்து எடுக்கறதுதான் கொய்னா, மலேரியா காய்ச்சலுக்கு மருந்து. 1820ல பிரான்ஸ்ல ரெண்டு பேர் அதைத் தனியா பிரிச்செடுத்தாங்க, 1860கள்ல நீலகிரியில அரசாங்கமே தோட்டம் போட்டுச்சு, நடுவட்டத்துல ஃபேக்டரியே இருந்துச்சு, அப்பறம் நம்ம ஆனைமலைக்கும் வந்துச்சு, ஊருக்கே அந்த மரத்து பேரு நின்னுருச்சு. கொய்னா கசப்பு நாக்கை விட்டுப் போகவே போகாதும்பாங்க. கடையில விக்கற டானிக் வாட்டர்ல, பிட்டர் லெமன்ல எல்லாம் அந்தக் கசப்புதான் கொஞ்சூண்டு இருக்குது. பிட்டர் பில்னு ஒரு பேச்சு இருக்குதல்ல, கசந்தாலும் முழுங்கித்தான் ஆகணும்ங்கறதுக்கு, அது எப்புடிப்பட்ட மாத்திரைன்னு கொய்னா முழுங்குன அந்தக் காலத்து எஸ்டேட் ஆளுங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். நெலவேம்புக்கும் இங்கிலீஷ்ல ஒரு பட்டப்பேரு உண்டு, கிங் ஆஃப் பிட்டர்ஸ்.

கே: "காசு பணம் யாருக்குங்க கசக்குது"ன்னு சொல்றமே, அதை இங்கிலீஷ்ல மணி இஸ் பிட்டர்னு சொல்லலாமுங்களா? (நாமக்கல் காலேஜ் மாணவி)

ப: முடியாது கண்ணு. மணி இஸ் பிட்டர்னா அவங்க நோட்டை நாக்குல வெச்சுப் பார்த்தியான்னுதான் நெனைப்பாங்க. இந்த எடத்துல தமிழ் தனியா நிக்குது. "படிக்கறதுன்னா கசக்குதா?", "அம்மா வீட்டுச் சோறு கசக்குதா?", "புது மருமக வந்ததும் நாங்க கசந்துட்டமா?" இது எல்லாத்துலயும் கசக்கறதுன்னா வேண்டாமப் போறது. நேத்து வரைக்கும் ஆசையா இருந்தது இன்னைக்கு வேண்டாததாப் போச்சு. இங்கிலீஷ்ல அதுக்கு ஹூ வுட் சே நோ டு மணின்னோ, ஆர் யூ டயர்ட் ஆஃப் அஸ்னோ, எடத்துக்குத் தக்கன சொல்லணும்.

இந்த அர்த்தம் நமக்கு எங்க இருந்து வந்துச்சுன்னு நெனைக்கறப்ப எனக்கு ஒண்ணு தோணும், இது என்னோட யோசனைதான். எம் மகனுக்கு ரெண்டு வயசு நெறையப் போறப்ப பால் மறக்கடிக்க எங்க அம்மா வேப்பந்தளையை அம்மியில வெச்சு அரைச்சுக் குடுத்தாங்க. தடவிக்கிட்டு உக்காந்தேன். ஓடி வந்து வாயை வெச்சான், உடனே எடுத்துட்டு, அழுகல, எம் மொகத்தையே பார்த்தான். என்னாச்சும்மாங்கற மாதிரி. அப்பறம் அவனே சின்ன விரல்ல தொடச்சுவிட்டுட்டு மறுபடி வாய் வெச்சான், மறுபடியும் கசந்துச்சு. மூணாவது நாள் கிட்ட வந்துட்டு, "கச்சு"ன்னு சொல்லிட்டு வெளையாடப் போயிட்டான். எனக்குத்தான் அன்னைக்குப் பூராவும் அழுகை. தமிழ்ப் புள்ளைக ஒரு பொருள் கசந்து, வேண்டாமப் போறதை மொத மொதல்ல கத்துக்கற எடம் அதுதானே.

கே: பொண்ணுக்கு கல்யாணம் பண்ணி அடுத்த வாரம் கனடாவுக்கு அனுப்பறோம். மாப்பிள்ளை ஆபீஸ்காரங்க எல்லாம் இருக்கற வாட்ஸ்அப் குரூப்ல நான் இங்கிலீஷ்ல ரெண்டு வரி போடணும். சந்தோசமாவும் இருக்குது, வெசனமாவும் இருக்குது. பிட்டர்ஸ்வீட்னு போடலாம்னு மகன் சொல்றான். (அவிநாசி, ஒரு அப்பா)

ப: தாராளமா போடுங்கண்ணா, அந்த வார்த்தைக்கு இதைவிடப் பொருத்தமான எடம் கெடையாது. பாதி இனிப்பு பாதி கசப்புன்னு கலந்து மங்கிப் போறது இல்ல அது, ரெண்டும் முழுசா ஒரே நேரத்துல இருக்கறது. சித்திரைக்கனி அன்னைக்கு மாங்காய்ப் பச்சடியில வெல்லமும் போட்டு வேப்பம்பூவையும் வறுத்துத் தூவுவாங்களே, ஒரே வாய்ல ரெண்டும் தனித்தனியா தெரியுமே, அப்புடி. சும்மா சுமாரான விஷயத்துக்கெல்லாம் இதைப் போடறவங்க இருக்கறாங்க, அது தப்பு. சாதம் கொழைஞ்சு போனதுக்கு பிட்டர்ஸ்வீட் கெடையாது.

நீளமா வேண்டாம். "எ பிட்டர்ஸ்வீட் டே ஃபார் அஸ். அவர் டாட்டர் லீவ்ஸ் ஹோம் டுடே, அண்ட் வி ஆர் ப்ரௌட் ஆஃப் ஹெர்"னு போடுங்க, போதும். பொண்ணுக்குத் தனியா அனுப்பறதை மட்டும் தமிழ்லயே எழுதுங்கண்ணா.